மருதாணி இல்லாத கை

ஒருவருடைய கையில் இன்னொருவருடைய புண்ணை வரைந்தால் அது யாருடைய கை?

ஓவியக் கல்லூரியில் நான் படித்த ஆண்டுகளில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரிக் கூடத்தில், என் ஓவியத்துக்கு அருகே தன் வலக்கையைத் தூக்கிப் பிடித்தபடி, முந்திரிக்கொட்டை உடைக்கும் ஓர் அக்கா கேட்டார். அன்று நான் ஏதோ சொன்னேன். அது பதில் இல்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

கந்தர்வக்கோட்டைக்கு அருகே ஒரு பள்ளியில் வாரத்துக்கு மூன்று அரை நாள் பகுதிநேர ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். மீதி நேரத்தில் வரைகிறேன். வரையும் இடம் முன்பு கோழிப்பண்ணையாக இருந்தது. கோழிக் கொட்டகைகளைக் கிழக்கு மேற்காக நீளவாட்டில் கட்டுவார்கள். வெயில் நேராக உள்ளே இறங்கினால் கோழி தாங்காது. வடக்குப் பக்கம் முழுவதும் கம்பிவலை. அதன் வழியே காலையிலிருந்து மாலை வரை அதிகம் மாறாத வெளிச்சம் வரும். ஓவியம் வரைகிறவர்கள் நகரத்தில் பெரிய வாடகை கொடுத்துத் தேடும் வெளிச்சம் அது. வலைக்கு உள்பக்கம் பழைய வெள்ளை வேட்டிகளைத் தொங்கவிட்டு அதை இன்னும் மென்மையாக்கிக்கொண்டேன். மழை பெய்தால் தரையில் ஊறிய கோழி எச்சத்தின் நெடி கிளம்பும். வந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்குப் பழகிவிட்டது.

முதலில் எல்லாரையும் போல நானும் தாமரைக் குளம்தான் வரைந்தேன். இந்த மாவட்டத்திலிருந்து ஓவியம் படிக்கப் போகும் யாரும் சித்தன்னவாசலிலிருந்து தப்ப முடியாது. பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறை, கல்லூரியிலிருந்து நோட்டும் பென்சிலுமாக ஒரு முறை, ஊருக்கு வரும் விருந்தினரை அழைத்துக்கொண்டு பல முறை. குகைக் கூரையில் மிச்சமிருக்கும் அந்த இலைகளையும் மொட்டுகளையும் அண்ணாந்து பார்த்துப் பார்த்து, கோடு தானாகவே அந்தப் பக்கம் வளைந்துவிடும். என் ஓவியம் ஒன்றை ஒரு கல்யாண மண்டபக்காரர் வாங்கினார். பிறகு ஒரு திருமணத்துக்குப் போனபோது பார்த்தேன்: சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவும் தொட்டிக்கு மேலே தொங்கியது. தாமரையின் மேல் ரசம் தெறித்திருந்தது. அன்றோடு தாமரையை விட்டுவிட்டதாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அதற்குப் பிறகும் இரண்டு வரைந்தேன்.

அடுத்து மண்ணுக்கு வந்தேன். எங்கள் பக்கத்துச் செம்மண் ஒரே நிறம் என்று நினைப்பவர்கள் அதைக் கரைத்துப் பார்த்ததில்லை. முந்திரித் தோப்பின் மேல்மண், கண்மாய்க் கரையின் மண், சாலை போட வெட்டிய பள்ளத்தின் அடிமண் மூன்றும் மூன்று சிவப்பு. வாளியில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் மேல்நீரை இன்னொரு வாளிக்கு மாற்றுவேன். அதையும் தெளியவிட்டு மூன்றாவது வாளிக்கு மாற்றுவேன். அதன் அடியில் படிவதை மட்டும் தட்டில் காயவைத்து, கண்ணாடிப் பலகையில் ஆளிவிதை எண்ணெய் விட்டு அரைப்பேன். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, மரப்பசையும் சுண்ணாம்புத் தூளும் கலந்து மூன்று பூச்சுக் கொடுத்தால் அந்த மண் அதில் நன்றாகப் பிடிக்கும். இப்படி இரண்டு ஆண்டுகள் தோப்புகளை வரைந்தேன். மனிதர்களே இல்லாத தோப்புகள். பார்த்தவர்கள் அமைதியாக இருக்கிறது என்றார்கள். முந்திரித் தோப்பில் காய்க்கும் காலத்தில் ஒரு நாளும் அமைதி இருந்ததில்லை. பொறுக்குகிறவர்களின் பேச்சும் சண்டையும் சாலை வரை கேட்கும். அவர்களை விட்டுவிட்டு மரத்தை மட்டும் நான் வரைந்திருந்தேன்.

இது என்னை உறுத்தியது. கல்லூரியில் படித்தபோது கலைக்கு ஒரு பொறுப்பு உண்டு என்று கூட்டங்களில் எழுந்து பேசியவள் நான். எதையும் செய்வதற்கு முன் அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று யோசிப்பவள் என்று என்னைப் பற்றி நானே நம்பியிருந்தேன்.

முந்திரிக் கொட்டகைக்கு நான் முதலில் போனது ஒரு நிறத்தைத் தேடித்தான். வறுத்த முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து ஓர் எண்ணெய் கசியும். கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு பழுப்பு. தோலில் பட்டால் பொசுக்கிவிடும். மெல்லிதாகப் பூசினால் மண்ணின் மேல் ஈரம் பட்டதுபோல் மினுங்கும் என்று ஒரு தச்சர் சொல்லியிருந்தார். கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சாக்கு விரித்து எதிரெதிராக இரண்டு வரிசையில் உட்கார்ந்து, கட்டையால் தட்டிக் கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சாம்பல் இருந்தது. எண்ணெய் தோலைத் தொடாமலிருக்க அதைத் தொட்டுக்கொள்வார்கள்.

“எண்ணெய்யா? எதுக்குங்க டீச்சர்?” என்று கேட்டார் கதவோரம் உட்கார்ந்திருந்த அக்கா. அவருடைய மகள் நான் வேலை பார்க்கும் பள்ளியில் படித்தவள். அதனால் என்னைத் தெரியும்.

“படத்துக்குப் பூசிப் பாக்கலாம்னுக்கா.”

“மீமிசல் பக்கமிருந்து வள்ளத்துக்குப் பூச வாங்கிட்டுப் போவாங்க. கதவுக்குப் பூசுவாங்க, கரையான் வராம. படத்துக்குக் கரையானா வருது?”

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவருடைய வலக்கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. சிறு வயதில் அடிபம்பில் மாட்டிக்கொண்டதாம். மூன்று கொட்டைக்கு ஒரு முறை அந்தக் கை சாம்பலுக்குப் போய் வந்தது. வேகம் குறையாமல், பார்க்காமலே போய் வந்தது.

“இவ தொடுற சாம்பல நெத்தியில பூசுனா கோயிலு கட்டிக் கும்புடலாம் டீச்சர்,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“கும்புடு. ஒன் கையில தோலு மிச்சமிருந்தா கும்புடு,” என்றார் அக்கா.

அவருடைய கையில் கறை இருந்தது, புண் இல்லை. பல வருடம் அந்த வேலை செய்தும் புண் இல்லாத கை என்பதுதான் அந்தக் கொட்டகையில் அவருக்கு இருந்த பெருமை. கதவோரம், காற்று வரும் இடம் அவருக்குக் கிடைத்ததும் அந்தக் கையால்தான். இதையெல்லாம் நான் அன்றே பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

புண் இருந்தது எதிர் வரிசையில் இருந்த ஓர் இளம் பெண்ணின் கையில். திருமணமாகி வந்து சில மாதம், வேலைக்கு வந்து இருபது நாள். கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் கொப்புளம் வெடித்துத் தோல் வெள்ளையாக விலகியிருந்தது. நான் பார்த்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

“கையுறை கேட்டுப் பாக்கலையாக்கா?” என்று கேட்டேன்.

“கேக்காம இருப்பமா? ‘உறை போட்டா வெரலுக்குத் தெரியாது, பருப்பு நொறுங்கும்’னுட்டாரு மொதலாளி. நொறுங்குன பருப்புக்கு இருக்குற வலி நம்ம வெரலுக்கு இல்லையாம்.”

அன்று ஒரு பாட்டில் எண்ணெயோடு திரும்பி வந்தேன். வரும்போதே அடுத்து என்ன வரையப்போகிறேன் என்பது முடிவாகியிருந்தது. ஏழு கைகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரத் துணியில். அந்தப் பெண்களைச் சுட்ட அதே எண்ணெயால் வரைந்த கைகள். அதைப் பார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள், கையுறை வரும் என்று நம்பினேன். இதில் பொய் எதுவும் இல்லை, உண்மையாகவே நம்பினேன்.

ஆறு கைகளுக்குப் பக்கத்து ஊர்க் கொட்டகைகளில் ஆள் கிடைத்தார்கள். அக்காவிடம் கேட்டபோது அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

“மூஞ்சி இருக்கக்கூடாது டீச்சர். மொதலாளிக்குத் தெரிஞ்சா மறுநா எனக்கு அங்கிட்டு எடமில்ல. மக நர்சிங் ரெண்டாவது வருசம் போறா. இத விட்டா எனக்கு வேற போக்கு இல்ல.”

“முகமே வராதுக்கா. கை மட்டுந்தான். கைய வச்சு யாருக்கு என்ன தெரியப்போகுது?”

முழு நம்பிக்கையோடுதான் இந்த வாக்கைக் கொடுத்தேன். நான் பழகிய உலகத்தில் மனிதர்களை முகத்தால் அடையாளம் காண்பார்கள். அடையாள அட்டையில் முகம், செய்தித்தாளில் மறைக்க வேண்டுமென்றால் முகத்தை மறைப்பார்கள். ஆனால் அந்தக் கொட்டகையில் எல்லாரும் காலையிலிருந்து தலைகுனிந்து, எதிரில் இருப்பவருடைய கையைப் பார்த்தபடிதான் வேலை செய்கிறார்கள். மாலையில் தராசுத் தட்டில் பருப்பைக் கொட்டும்போது முதலாளியும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவர் பார்ப்பதும் கையைத்தான். இத்தனையையும் நான் நேரில் பார்த்திருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் யோசிக்கவில்லை.

கொட்டகைக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வந்தார். சுற்றிலும் பார்த்தார்.

“கோழி முட்ட போட்ட எடத்துல நீங்க படம் போடுறீங்க. முட்டயாச்சும் விக்கும்.”

நாற்காலியில் உட்கார்ந்து, நான் வைத்திருந்த பலகையின் மேல் வலக்கையை வைத்தார். விரல் நுனிகளும் உள்ளங்கை நடுவும் பளிச்சென்று சிவந்திருந்தன.

“என்னக்கா இது, மருதாணியா?”

“பின்ன? படத்துக்கு வெறுங்கையவா நீட்டுவாக? மக நேத்து பறிச்சு அரச்சுக் குடுத்தா. நல்லாச் செவந்திருக்குல்ல?”

“நல்லாயிருக்குக்கா,” என்றேன். மனதுக்குள் எரிச்சல் வந்தது. எனக்கு வேண்டியது கறை படிந்த கை. இது திருவிழாவுக்குப் போகும் கை. வரைய ஆரம்பித்ததும் அந்தச் சிவப்பை விட்டுவிட்டு வரைந்தேன். வெறும் விரலை வரைந்தேன்.

மூன்று ஞாயிறு வந்தார். முதல் நாள் கரிக்கோட்டில் உருவம். இரண்டாம் நாள் கண்மாய்க் கரை மண்ணை நீர்க்கக் கரைத்து நிழல்கள். மூன்றாம் நாள் தோலின் நிறம். வரையும்போது அவர் பேசிக்கொண்டே இருப்பார்: மகளின் விடுதிச் சாப்பாடு, பேருந்தில் இடம் பிடிக்கத் துண்டு போடும் ஆட்கள், எதிர் வரிசைப் புதுப்பெண்ணுக்கு எத்தனை சொன்னாலும் சாம்பல் தொட மறந்துபோவது. மூன்றாம் நாள் முடிவில் எழுந்து வந்து பார்த்தார்.

“என் கையேதான்,” என்றார். விரல் நுனிகளைக் கிட்டப் போய்ப் பார்த்தார். “மருதாணியக் காணோமே?”

“அது கடைசியில வரும்க்கா.”

“முடிச்சதும் ஒரு எட்டுக் காட்டிருங்க டீச்சர்.”

“காட்டாமயா.”

அதன் பிறகு நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். என் ஓவியங்கள் எல்லாமே உட்கார்ந்தவர் போன பிறகுதான் முடியும். ஆள் எதிரில் இருக்கும்வரை கை அவருக்குக் கட்டுப்பட்டிருக்கும். தனியாக இருக்கும்போதுதான் ஓவியத்துக்கு என்ன வேண்டும் என்பது தெரியும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்தத் தனிமையில் நான் செய்த மாற்றங்களைத்தான் என் பாணி என்று சொல்லி வந்தேன்.

இரண்டு வாரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது யாரிடமும் எதையும் கேட்கவில்லை. நிதானமாக, கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அதைப் பார்த்து யாரும் கையுறையைப் பற்றி நினைக்க மாட்டார்கள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குப் போய், அந்த இளம் பெண்ணிடம் கேட்டு, அவருடைய கொப்புளங்களைச் சிறிய நோட்டில் வரைந்துகொண்டேன். எந்த இடத்தில் தோல் வெள்ளை, எங்கே சிவப்பு, எங்கே நீர் கோத்திருக்கிறது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன். வீட்டில் தெரியக்கூடாது என்றார். சரி என்றேன்.

அவருடைய கையையே வரைந்திருக்கலாமே என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார அவரை மாமியார் வீட்டில் அனுப்பமாட்டார்கள் என்பது ஒரு காரணம். சொல்லக் கூசும் இன்னொரு காரணமும் உண்டு. அது இளமையான, வழவழப்பான கை. ஓர் ஆள் உயரத் துணியில் அது நிற்காது. அக்காவின் கையில் நரம்பும் கணுவும் வளைந்த விரலும் இருந்தன. எனக்கு அந்தக் கை வேண்டும். இந்தப் புண் வேண்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

எண்ணெயை லேசாகச் சூடாக்கி, மயிரிழைத் தூரிகையால் அக்காவின் கட்டைவிரலில் மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். கொப்புளத்தின் விளிம்பு மட்டும் துணியிலிருந்து சற்று எழும்பி நிற்கும்படி செய்தேன். என் விரலிலும் பட்டுத் தோல் உரிந்தது. அதைக்கூட ஒரு நியாயமாக எடுத்துக்கொண்டேன். நான் வரைந்த எல்லாவற்றிலும் அந்த இரண்டு அங்குலம்தான் சிறப்பாக வந்தது. இப்போதும் அதை மறுக்க முடியவில்லை.

விளைவுகளை யோசிக்காமல் இல்லை. முதலாளி கோபப்பட்டால் என்ன செய்வது, அதிகாரிகள் கொட்டகையையே பூட்டிவிட்டால் பன்னிரண்டு பேருக்கும் வேலை போகுமே, அதற்கு யாரிடம் பேசுவது என்றெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அந்தத் தாளில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அக்கா என்று தனியாக ஒருவர் அதில் இல்லை.

கண்காட்சிக்கு ஒரு கல்லூரிக் கூடம் கிடைத்தது. திடீரென்று தேதியை முன்னால் தள்ளினார்கள். எண்ணெய் இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. துணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மூலைகளில் தெர்மோகோல் துண்டு வைத்து, ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். போகும் வழியில் அக்காவின் தெரு வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. நேரமில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூடத்தின் வாசலில் ஒரு குறிப்பு ஒட்டினேன். ‘அனைத்தும் நேரில் பார்த்து வரையப்பட்டவை’ என்பது அதன் கடைசி வரி.

திறப்பு நாளன்று வந்த தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் அக்காவின் கைக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றார். எந்தக் கொட்டகை என்று என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். இதை விடக்கூடாது, நேரில் போய்ப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். எனக்குக் கண் கலங்கியது. இரண்டாம் நாள் ஒரு நாளிதழ் அந்த ஓவியத்தின் படத்தையும் என் குறிப்பையும் வெளியிட்டது. எல்லாரும் பாராட்டினார்கள். ஓவியத்தைப் பற்றி எனக்கு வந்த அழைப்புகளில் ஒன்றும் கந்தர்வக்கோட்டையிலிருந்து இல்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் அக்கா வந்தார். கூடத்தில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். பேருந்து டிக்கெட் இன்னும் அவர் விரலிடுக்கில் இருந்தது. நேராக அந்த ஓவியத்துக்குப் போனார். வலக்கையை உயர்த்தி, வரைந்த கைக்குப் பக்கத்தில் பிடித்தார். மருதாணி அநேகமாகப் போய்விட்டிருந்தது. நகங்களில் மட்டும் ஆரஞ்சு நிறமாக மிச்சமிருந்தது.

“வெரலு என்னுது டீச்சர். புண்ணு யாருது?”

கையை இறக்காமலே அவரே தொடர்ந்தார்.

“அந்தப் புள்ளையோடதுதானே? எனக்குத் தெரியும். எதுத்தாப்புல ஒக்காந்து நாந்தானே தெனமும் பாக்குறேன்.”

“அக்கா, எல்லாருக்காகவும்தான் அப்படி…”

“எல்லாருக்காகவும் எங் கையா?”

பிறகு நடந்ததைச் சொன்னார். குரல் உயரவில்லை. ஊர்க்கதை சொல்வதுபோல் சொன்னார்.

நாளிதழில் வந்த படம் கைப்பேசியில் முதலாளிக்கு வந்திருக்கிறது. கொட்டகைக்கு நடுவில் நின்று, இது யாருடைய கை என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் மற்ற பதினோரு பேருடைய கண்களும் கதவோரம் போய் வந்திருக்கின்றன. அவருக்கு அது போதுமாக இருந்தது. அன்று எதுவும் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு அதிகாரிகள் வந்தபோது, இளம் பெண்ணை அன்றைக்கு வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அக்காவைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் நிறுத்தியிருக்கிறார்.

“‘ஏ ஆத்தா, சாருக்குக் கையக் காட்டு’ன்னாரு. நீட்டுனேன். பேப்பர எங் கைக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தாக. வெரலு அதேதான். கோணல்கூட அதேதான். புண்ணு மட்டும் இல்ல. ‘எங்கேம்மா புண்ணு?’ங்குறாக. நான் என்னன்னு சொல்ல? ‘ஆறிப்போச்சு’ன்னேன். ‘நேத்துப் பேப்பர்ல வந்த புண்ணு, தழும்புகூட இல்லாம ஆறிப்போச்சா?’ன்னு சிரிச்சாரு ஒருத்தரு. எம்புட்டு வருசமா இந்தக் கையக் காப்பாத்தி வச்சேன் டீச்சர். அன்னைக்கி அதுல ஒரு கொப்புளம் இருந்திருந்தா எம்பொழப்பு தப்பிச்சிருக்கும்.”

அந்தப் பெண்ணைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“சொன்னா அவளையும்ல சேத்து அனுப்புவாரு? நீங்க ஒருத்தி பொழப்ப எடுத்தது பத்தாதா?”

அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். ஓவியத்தில் காட்டியதுபோல் எதுவும் இல்லை, படம் கற்பனை என்பதுதான் அவர்கள் எழுதியது என்று பிறகு தெரியவந்தது. அன்று மாலை எடை போட்டு முடிந்ததும் முதலாளி அக்காவிடம், “நாளையில இருந்து அந்த டீச்சரம்மா கொட்டகையிலேயே போயி கைய நீட்டு” என்றிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் தலைநிமிரவில்லை. தன்னோடு பேசியவள் என்று நாளைக்கு இன்னொருத்தி மேல் முதலாளியின் கண் விழக்கூடாது என்பதற்காக, போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டதாக அக்கா சொன்னார்.

புறப்படும்போது மீண்டும் ஓவியத்தைப் பார்த்தார். “அந்த மருதாணியவாச்சும் வச்சிருக்கலாம்,” என்றார்.

மறுநாளே முதலாளியைப் பார்க்கப் போனேன். தவறு என்னுடையது, அக்காவுக்கு அந்தப் புண்ணைப் பற்றி எதுவுமே தெரியாது என்றேன். அவர் மரியாதையாக நடந்துகொண்டார். டீ வரவழைத்தார். ஒரு தட்டில் வறுத்த முந்திரி வைத்தார். ஒன்றுகூட உடையாத முழுப் பருப்பு.

“சாப்புடுங்க டீச்சர். நீங்க படிச்சவங்க, நல்லா வரையிறீங்க. நான் கோவப்படல. ஆனா ஒண்ணு. புண்ணு போடணும்னா புண்ணு இருக்குறவ கையப் போட்ருக்கலாம்ல? இல்லாதவ கையில எதுக்குங்க போட்டீங்க?”

என் ஓவியத்தைப் பற்றி அந்தக் கண்காட்சியில் எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். சரியான குறையைச் சரியான இடத்தில் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

“அவங்கள மறுபடி சேத்துக்கங்க,” என்றேன்.

“அது முடியாதுங்க. இன்னைக்கிக் கை நீட்டுனவ நாளைக்கி வாய் நீட்டுவா.” பிறகு, வேறு எதுவோ ஞாபகம் வந்தவர்போல் கேட்டார்: “அந்தப் படம் விக்கிதா? என்ன வெலன்னாலும் சொல்லுங்க. இங்கிட்டு ஆபீஸ்ல மாட்டிக்கிறேன். இனிமே எவனாச்சும் கேள்வி கேட்டு வந்தான்னா, பக்கத்துல ஆபீசருங்க எழுதுன பேப்பரையும் ஒட்டி வச்சுக் காட்டலாம்ல.”

எழுந்து வந்துவிட்டேன். வெளியே கதவோரம் அக்காவின் சாக்கு விரித்தே கிடந்தது. சிரட்டையில் சாம்பல் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அந்த அதிகாரிகளின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஓவியத்தில் இருக்கும் புண் உண்மை, அது வேறொருவருடைய கையில் இருக்கிறது, வேறொரு நாள் அறிவிக்காமல் வந்து பாருங்கள் என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அதை அனுப்ப முடியாது என்று புரிந்தது. மீதிப் பதினோரு பேரில் யார் என்று கண்டுபிடிக்க முதலாளிக்கு ஒரு பார்வை போதும். உண்மையைச் சொன்னால் இரண்டாவது பெண்ணின் வேலை போகும். சொல்லாவிட்டால் அக்கா பொய்க்காரியாகவே இருப்பார். இரண்டில் எது குறைந்த தீங்கு என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் அக்கா எடுத்த முடிவையே நானும் எடுத்தேன். அவர் அதிகாரிகள் முன்னால் நின்றபடி ஒரு நொடியில் எடுத்த முடிவு அது. நான் செய்ததெல்லாம் கடிதத்தைக் கிழித்ததுதான்.

அக்காவின் வீட்டுக்கு மூன்று முறை போனேன். முதல் முறை மகள் கதவைத் திறந்து, “அம்மா இல்லைங்க மிஸ்” என்றாள். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. மற்ற இரண்டு முறை கதவு திறக்கவில்லை.

ஏழு ஓவியங்களில் ஆறின் மேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் பூசி வெறும் துணியாக்கிவிட்டேன். ஏழாவதில் புண்ணை மட்டும் சுரண்டி எடுக்கப் பார்த்தேன். அடியில் இருந்த விரலும் சேர்ந்து வந்தது. அந்த எண்ணெய் எங்கள் ஊர் ஈரக்காற்றில் முழுதாகக் காய்வதே இல்லை. இப்போது அது என் கோழிக் கொட்டகையின் மூலையில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. அவ்வப்போது திருப்பிப் பார்த்தால் கொசுவும் கோழி இறகின் துணுக்குகளும் ஒட்டியிருக்கும்.

இப்போது நான் வரையும் முறை வேறு. உட்கார்ந்திருப்பவர் எழுந்தால் நானும் தூரிகையைக் கழுவிவிடுகிறேன். அவர் இல்லாதபோது ஒரு புள்ளியும் வைப்பதில்லை. அவர் என்ன இட்டுக்கொண்டு வந்தாலும் அதையும் வரைகிறேன். முடித்ததை அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கிறேன். வேண்டாம் என்றால் அழிக்கிறேன். யாருக்கும் அதிக நேரம் உட்கார முடிவதில்லை. அதனால் என் ஓவியங்கள் பாதியில் நிற்கின்றன. பெரும்பகுதி வெறும் வெள்ளையாக இருக்கிறது. ஒரு பத்திரிகையில் ஒருவர், வெண்மையைத் துணிந்து விட்டுவைக்கும் புதிய பாணி என்று பாராட்டி எழுதினார். நான் மறுத்து எழுதவில்லை.

அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறார். அது இல்லாத நாட்களில் தோப்பில் கொட்டை பொறுக்கப் போகிறார். சாலையில் எதிரே வந்தால் என் வண்டியைப் பார்ப்பார், என்னைப் பார்க்கமாட்டார். மகள் படிப்பை விடவில்லை. ஆனால் விடுதியை விட்டுவிட்டு, தினமும் விடியலில் பேருந்து பிடித்துப் போய் வருகிறாள். கொட்டகையில் கதவோரம் இப்போது அந்த இளம் பெண் உட்காருகிறார். கையுறை வரவில்லை.